இரண்டு விரல்கள்

எங்கள் ஓசூர் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் கொடுக்கும் பொரியில் கடலை அதிகமாக இருக்கும். அன்று ஒருநாள்தான் குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். எண்பத்தொன்பதில் என் மனைவி சரஸ்வதியை அழைத்துப்போனேன். மறுநாள் அவள் பெங்களூருக்குக் கிளம்புவதாக இருந்தது.

கான்வென்டில் பியானோ கற்றவள். எங்கள் கிளப்பில் வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போன பியானோவில் உட்கார்ந்து தானே பாட்டெழுதி மெட்டமைத்தாள். ஷிப்டு பஸ், சாரல் மழை, காதல் என்று எளிய பாட்டுகள். பெங்களூர் கேசட் கம்பெனி ஒன்று அவற்றை வெளியிட்டது. ஓசூர் பஸ் நிலையத்து டீக்கடையில் அவள் குரலைக் கேட்டபடி டீ குடித்திருக்கிறேன். இரண்டாவது கேசட்டுக்குப் பெங்களூரிலேயே வீடு பார்த்துக் கொடுத்தார்கள். ஊர் ஊராகக் கச்சேரியும் உண்டு.

"ஒரு வருசந்தானுங்க. ஞாயித்துக்கெழமை வாங்க. உங்களுக்குத் தாளந்தான் வராது, கைதட்டவாச்சும் வருமில்ல?" என்று சிரித்தாள்.

திரும்பமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கெஞ்சினேன். அழுதேன். புடவைகளைப் பெட்டியில் அடுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரும்புத் தகடுகளை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் ஷாப்பில் நான் பாதுகாப்பு அதிகாரி. இரண்டு விரல் போனவர்கள் நாற்பது நாளில் வேலைக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். சாப்பிடுகிறார்கள், பிள்ளையைத் தூக்குகிறார்கள். பியானோ வாசிக்க மட்டும் முடியாது.

இரண்டு கைகளாலும் பட்டன்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அதைக் கால் பெடலுக்கு மாற்றும் சாவி என்னிடம் இருந்தது. பூஜை முடிந்ததும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம் என்பதால் மோட்டார் ஓடியதை யாரும் கவனிக்கவில்லை.

"உள்ள அச்சுக்கும் ஒரு பொட்டு வெச்சிரு சரசு."

"மெசினுக்கு எத்தன நெத்திங்க?" என்று குங்குமத்தோடு குனிந்தாள்.

பெடலை மிதித்தேன். மணிக்கட்டு வரை போய்விட்டது. அவ்வளவு நான் நினைக்கவில்லை.

வேனில் ஏற்றினோம். "கைய ஐஸ்ல வெச்சிருக்கேன் சார். பெங்களூருக்கு உட்டா ஒட்டவெச்சிருவாங்க" என்றான் டிரைவர் சென்னப்பன்.

கிருஷ்ணகிரிக்கு விடச் சொன்னேன்.

"அது இன்னும் தூரமாச்சே சார்!"

மறுபடியும் சொன்னேன். திருப்பினான். சூளகிரி அருகே "குளுருதுங்க" என்றாள். கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

மாதாமாதம் தொழிலாளர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கிற நான் ஏன் ரத்தத்தை நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். என் கைக்குட்டையால் நான்தான் கட்டினேன். இறுக்கினால் அவளுக்கு வலிக்கும் என்று தளர்த்தியே கட்டினேன்.