ஒண்ணாம் நம்பர் உடம்பு

…அதான் கேக்குறேன், என்ன பாத்தா சாவப்போறவ மாதிரியா இருக்கு? நீ உன் ஃபாரத்த எழுது தங்கச்சி, எழுதிக்கினே கேளு. ஊரு சனத்து உடம்பு விவரத்தெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஆராய்ச்சி பண்றாங்களாமே, இந்த ஹெல்த் டிபார்ட்மெண்ட்டுகாரங்க… வேன எடுத்தாந்து எங்க வாசல்ல நிறுத்திட்டாங்க! ‘அமிர்தவள்ளி யாரு? உங்க உடம்பு ரொம்ப மோசம்னு கம்ப்யூட்டர் சொல்லுது, காட்பாடி ஆஸ்பத்திரிக்கு வாங்க.’ கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும்? என் கைய புடிச்சி பாத்துச்சா?

அதுவும் எப்ப? நாட்றம்பள்ளிலருந்து என் மக ஜோதிய பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜிய கையில எடுத்த நேரம்! மாப்ளயோட அம்மா விஜயகுமாரி, எடுத்த பஜ்ஜிய அப்டியே தட்டுல வெச்சிட்டா. ‘பரம்பரை வியாதிங்களா?’ன்றா.

இந்த அமிர்தவள்ளிக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்கன்னு காலையிலருந்து குந்திக்கினு கீறேன். மூணு வாட்டி ரத்தம் எடுத்துட்டாங்க. ஒரே பேஜார்.

எல்லாம் அந்த மெர்சிப் பொண்ணால வந்தது. தோல் ஷாப்ல வேல செய்ற எங்க தெரு சனத்து உடம்பு எப்டி இருக்குன்னு கேட்டு எழுத வந்துச்சி. தூக்கம் எப்டி, மூச்சு எப்டி, முட்டி எப்டி, ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கம்மான்னுச்சி. ‘ஒண்ணுன்னா…’ன்னு விளக்க ஆரம்பிச்சுது. நிறுத்து கண்ணு, எனக்கே நம்பரா? அஞ்சாங்கிளாஸோட நின்னவதான். ஆனா இருவத்திரண்டு வருஷமா ஆம்பூர்ல தோல் தரம் பிரிக்கிறவ! கீறல் இல்லாத தோல் ஒண்ணாம் நம்பர். உண்ணி கடிச்சது ரெண்டு, மூணு. அஞ்சுன்னா ஓட்ட விழுந்தது, ரிஜெக்ட்டு. எனக்கு எல்லாம் ஒண்ணு, எழுதுன்னேன். அதோட விட்டனா? தெரு பூரா அது கூடவே போயி, வீட்டுக்கு வீடு ஒண்ணு, ஒண்ணுன்னு நானே நம்பர் சொல்லிக் குடுத்தேன்.

பக்கத்து வீட்டு காசிநாதன் கீறானே… பீடி, குவாட்டரு… அவன் இருமுனா எங்க வீட்டு ஓடு அதிரும். அவனுக்கு? ‘அஞ்சு! ரிஜெக்ட்டு! யோசிக்காம எழுது’ன்னேன்.

அந்தாளு இன்னிக்கி எங்க கீறான் தெரியுமா? தோ, அந்த கண்ணாடி ரூம்ல. டீ, பன்னு! கம்ப்யூட்டர் கணக்குல தெருவே படுத்துக் கெடக்க இவரு மட்டும் எப்டி நல்லா இருக்காருன்னு நாலு டாக்டருங்க சுத்தி நின்னு கேக்குறாங்க. ‘காலையில எழுந்ததும் இன்னா எடுத்துக்குவீங்க ஐயா?’ பீடின்றான். அதையும் எழுதிக்கிறாங்க! இதுல இன்னொரு வயித்தெரிச்சல். விஜயகுமாரி நேத்து அவன் வீட்டுக்குப் போயிருக்கா. அவன் பொண்ணு ஷர்மிளாவுக்கு ஞாயித்துக்கெழம பூ வெக்கப் போறாளாம். ஆரோக்கியமான குடும்பமாம்!

இன்னா, எழுதாம என்னையே பாக்குற? உனக்கும் அதே ஃபாரமா? ஒண்ணு போடு, முகம் பளிச்சுன்னு கீது. இன்னாத்துக்கு தலைய ஆட்ற? எங்க காட்டு… கண்ணாடி எடுத்தாரல, நீயே விரல் வெச்சிக் காட்டு. ஒண்ணு… மிக… மோசம். அஞ்சு… மிக… நன்று.

நன்றா?

அய்யோ. அப்போ நானு… அப்போ காசிநாதன்… நானேதான் சொன்னேன், நானேதான்… அடப்பாவி கம்ப்யூட்டரு, தலகீழாவா தரம் பிரிக்கும்?

ஏன் எழுந்துட்ட? நான் நம்பர் சொல்லிடுவேன்னு பயமா? தங்கச்சி! ஏய், உன் பேனா…! போய்ட்டா.

தோ, பேரு கூப்டுறாங்க. வர்றேம்மா, வர்றேன்! மெர்சிய ஒண்ணும் சொல்லாதீங்க, தப்பு எம்மேலதான். அந்த ரூம்ல டீ குடிக்கிறானே, அவன்தான் ஒண்ணு! நான் அஞ்சும்மா, சுத்தமான அஞ்சு! ஞாயித்துக்கெழமக்குள்ள பேப்பர்ல பெருசா எழுதிக் குடுங்க… இருவத்திரண்டு வருஷம் தோலத் தொட்ட கையால சத்தியம் பண்றேன், நான் ரிஜெக்ட்டு! அசல் ரிஜெக்ட்டு!