மச்சான் மணல் குவியலில் விழுந்த விவரம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்திரண்டு. தொழில், பள்ளிக்கூட வண்டி ஓட்டுநர். சுற்றுச்சாலையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பிரியும் தெருவில், பச்சைக் கதவு போட்ட வீட்டின் மாடியில் என் மனைவியுடன் குடியிருக்கிறேன். என் மீது புகார் கொடுத்திருப்பவர் என் மனைவியின் உடன்பிறந்த அண்ணன். கடைத்தெருவில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்கள் சைக்கிள் அணியில் அவரைக் கேப்டன் என்பார்கள். அந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, அவரே பனியனில் அச்சடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நடந்த பந்தயத்தில் நான் வேண்டுமென்றே அவரை மணல் குவியலில் மோதவைத்து எலும்பை முறித்ததாகப் புகார். போலீஸ் கேஸ் உள்ளவன் பிள்ளைகளை ஏற்றி வண்டி ஓட்டக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேஸ் பதிவானால் வேலை போய்விடும். ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சைக்கிள் பந்தயம் என்றால் அவரவர் மிதித்து அவரவர் ஜெயிப்பது என்று இதை எழுதும் ஐயா நினைத்திருந்ததால் முதலில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றை முன்னால் போகிறவன் நெஞ்சில் வாங்குவான். அவன் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்குப் பாதி மிதித்தால் போதும். ஒருவனை ஜெயிக்க வைக்க அணியில் மற்றவர்கள் முன்னால் மிதிப்பது வழக்கம். அதில் எனக்குக் குறை கிடையாது, முறை வைத்து மாறி மாறிச் செய்தால். எங்கள் அணியில் முறை மாறியதே இல்லை. எனக்குக் கல்யாணம் ஆன வருடம் முதல் நான் முன்னால் மிதிக்கிறேன், அவர் பின்னால் வருகிறார். வீட்டுக்கு வந்தால் "மாப்பிள்ளை உட்காருங்க" என்று நாற்காலி இழுத்துப் போடுவார். ரோட்டில் இறங்கிவிட்டால் "மாப்ள, இழு" என்பார். கடைசியில் கோடு கண்ணுக்குத் தெரிந்ததும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே பாய்ந்து இரண்டு கையையும் தூக்குவார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அப்படி.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் கடையின் பின்னறையில் கூட்டம் போட்டார். நானும், எங்கள் அணியில் ஓட்டும் டெய்லர் தம்பியும் டைல்ஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். கேப்டன் ஒரு வெள்ளை டைல்ஸை நிமிர்த்தி வைத்துக் கரியால் வட்டம் வரைந்து, இந்தத் தடவை திட்டம் வேறு என்றார். "மாப்ள, மூணாவது சுத்துல நீ தனியா ஓடிப் போயிடு. மத்த டீம்காரன் எல்லாம் உன்னைத் துரத்தியே செத்துப்போவான். புடிச்சிட்டாங்கன்னா நான் பாத்துக்கறேன். புடிக்கலைன்னா நீயே ஜெயிச்சுக்க, எனக்கு என்ன, தங்கச்சி புருஷன்தானே" என்றார். இதற்கு டெய்லர் தம்பி சாட்சி.

அதன் பிறகு ஞாயிறு காலை சுற்றுச்சாலையில் பந்தயம் தொடங்கி, மூன்றாவது சுற்றில் பாலத்து ஏற்றத்தில் அவர் சொன்னபடியே நான் பிய்த்துக்கொண்டு போனேன். மற்ற அணிக்காரர்கள் இவன் வழக்கமாக முன்னால் மிதிக்கிறவன்தானே, தானாக ஓய்ந்துவிடுவான் என்று விட்டுவிட்டார்கள். ஆறு சுற்றில் நாலாவது முடியும்போது திரும்பிப் பார்த்தால் சாலை காலியாக இருந்தது. இத்தனை வருடத்தில் என் முதுகுக்குப் பின்னால் யாருடைய மூச்சும் கேட்காமல் ஓட்டியது அன்றுதான். சந்தோஷமாக இருந்தது. எங்கள் தெருமுனையில் என் மனைவி தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது, "எங்கண்ணன் எங்கே, விழுந்துட்டாரா?" என்பதுதான். நான் முன்னால் வந்தால் வேறு காரணம் இருக்கும் என்று கட்டின பெண்டாட்டிக்கே தோன்றவில்லை.

அதன் பிறகு ஐந்தாவது சுற்றில், சந்தைப் பக்கத்து வளைவில், பின்னால் கூட்டம் வரும் சத்தம் கேட்டது. எவன் இப்படி வெறி பிடித்துத் துரத்துகிறான் என்று பார்த்தேன். கூட்டத்துக்கு முன்னால் நாக்குத் தள்ள மிதித்து வந்தது எங்கள் டெய்லர். அவன் பின்சக்கரத்தில் கேப்டன். வேறு அணிக்காரன் ஒருவன்கூட ஒரு மிதி கூடுதலாக மிதிக்கவில்லை. எங்கள் அணியே எங்கள் அணியைத் துரத்திப் பிடித்தது. மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார்கள். டெய்லர் என் பக்கத்தில் வந்து, "அண்ணே, துரத்துன்னு திட்டினாருண்ணே, நான் என்ன பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் முடியாமல் பின்னால் போய்விட்டான். நான் கேப்டனிடம் என்ன இது என்று கேட்டேன். "தனியா போனா காத்துல நின்னுடுவ மாப்ள, உன் நல்லதுக்குத்தான். ம், இழு" என்றார்.

நான் இழுத்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. வாய் முடியாது என்று சொல்ல வந்தது, கால் பழக்க தோஷத்தில் மிதித்தது. மற்றவர்கள் பாலத்தில் பின்தங்கி, மறுபடி நாங்கள் இருவர் மட்டும் முன்னால் வந்தோம். ஐந்தாவது சுற்று முடிவில் தெருமுனையில் என் மனைவி எனக்காகப் பாட்டிலை நீட்டினாள். நான் கையை எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பாட்டிலையாவது கொடுத்தாரா என்றால், ரோட்டில் எறிந்துவிட்டார்.

அதன் பிறகு கடைசிச் சுற்றில் எங்கள் தெருமுனை மறுபடி வரும்போது எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. கோபத்தில் மயங்கி ஏதோ செய்தேன் என்று எழுத வேண்டாம், நிதானமாகத்தான் இருந்தேன். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் நான், கை காட்டாமல் திரும்புவது என் தொழிலுக்கே கேவலம். இடது கையை முழுதாக நீட்டிக் காட்டி, வேகத்தைக் குறைத்து, எங்கள் தெருவில் திரும்பினேன். பந்தயப் பாதை நேராகப் போகிறது. அதற்கு அம்புக்குறி போட்ட பலகை இருக்கிறது, விசில் ஊதும் ஆளும் நிற்கிறார். கேப்டன் பலகையையும் பார்க்கவில்லை, விசிலையும் கேட்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் என் பின்சக்கரத்தைப் பார்த்தபடி எங்கள் தெருவுக்குள் வந்தார். குழாய் பதிக்கக் கொட்டிய மணலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகும் இடைவெளியில் நான் நுழைந்தேன். அவர் அந்நேரம் பார்த்து, கோடு வந்துவிட்ட நினைப்பில், என்னை முந்தச் சைக்கிளை வெளியே எடுத்தார்.

சத்தம் கேட்டு இறங்கி ஓடி, அவரைத் தூக்கி உட்காரவைத்தது நான்தான். வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, "இது எந்த ரோடு மாப்ள?" என்று கேட்டார். கூடப்பிறந்த தங்கை குடியிருக்கும் தெரு அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதன் பிறகு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதும் நானே.

மணல் அங்கே இருப்பது தெரியுமா என்று கேட்கப்பட்டது. தெரியும், தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அவர் பின்னால் வருவது தெரியுமா என்று கேட்கப்பட்டது. அவர் எப்போது என் பின்னால் வராமல் இருந்தார். ஏன் குரல் கொடுத்து எச்சரிக்கவில்லை என்று கேட்கப்பட்டது. நான் என் வீட்டுக்குப் போனேன். பின்னாலேயே வாருங்கள் என்று யாரையும் கூப்பிடவில்லை.

நேற்று மருத்துவமனையிலிருந்து வந்த என் மனைவி, "அண்ணன் புகாரை வாபஸ் வாங்கிக்கிறாராம். எலும்பு கூடினதும் அடுத்த பந்தயத்துக்கு நீங்க எப்பவும் போல முன்னாடி ஓட்டித் தரணுமாம்" என்றாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "கேட்டுட்டு வந்து சொல்றேன்னேன். பல்லைக் கடிச்சிக்கிட்டுச் சரின்னுடுங்க, சாவி திரும்பக் கிடைக்கும்ல" என்றாள். இன்று காலை இங்கே ஐயாவும் குடும்பத்துக்குள் எதற்கு வழக்கு, சமாதானமாகப் போங்கள் என்றார். இருவரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். கேப்டனும் அன்று அதையேதான் சொன்னார்.

இவ்வளவையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். முடிவில் நான் சொல்லாமலே, "மேற்படி நிபந்தனையின் பேரில் சமாதானமாகப் போகச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் நானே கையெழுத்தும் போட்டேன். கேஸைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மற்றபடி இதிலுள்ளதெல்லாம் என் வாயால் சொன்னது, சொன்னதெல்லாம் உண்மை.

(கையெழுத்து)