தூரிகை அலசும் தண்ணீர்

ரெசின் பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சில் தடவிய எண்ணெய் அதன்மேல் ஒட்டியிருக்கும். கழுவாவிட்டால் பெயின்ட் உரிந்து வந்துவிடும். நான் ஒரு நாளும் கழுவாமல் தொட்டதில்லை. என் தம்பி பாதி நாள் மறந்துவிடுவான். அவன் பொம்மையில் மட்டும் பெயின்ட் உரியவே உரியாது. இதை எங்கே போய்ச் சொல்ல?

மாடி அறையில் ஒரே மேசை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பழைய காலத்துச் சிப்பாய்கள்தான் செய்வோம், விரல் நீளம் இருப்பார்கள். வருகிறவர்கள் அந்தப் படையைப் பார்த்துவிட்டு, தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். பொத்தான், இடுப்பு வார், துப்பாக்கி எல்லாம் என்னுடையதில்தான் சுத்தமாக இருக்கும். ஆனால் கண்காட்சியில் முதல் பரிசு எப்போதும் அவனுக்கு. ஒருமுறை என் மனைவியிடமே காரணம் கேட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"உங்க தம்பியோட சிப்பாய் நம்மளைப் பாக்கறான். உங்களோடது முழிக்கிறான். அவ்வளவுதான்."

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம். பொம்மைக்குக் கண் வைப்பதற்கு முன் தூரிகையைத் தண்ணீரில் அலசி, உதட்டில் வைத்து நுனியைக் கூராக்குவான். பலமுறை கண்டித்திருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எலிக்கு வாங்கிய மருந்தை அவன் தூரிகை அலசும் டம்ளர் தண்ணீரில் துளித்துளியாகக் கலக்கத் தொடங்கினேன். கொல்வதற்கு அல்ல. கை கொஞ்சம் நடுங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

நடுங்கியது. டாக்டரிடம் அழைத்துப்போனவனும் நான்தான். நரம்புத் தளர்ச்சி என்றார். மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுத்தேன். காயம்பட்டுத் திரும்பும் சிப்பாய் ஒருவனை அப்போது செய்துகொண்டிருந்தான்.

"அண்ணே, கை நிக்க மாட்டேங்குது. இவனுக்குக் கண்ணை மட்டும் நீ வச்சுக் குடுத்துடேன்."

"உன் பொம்மைக்கு நீதான்டா வைக்கணும்," என்றேன்.

வைத்தான். இரண்டு புள்ளிகளும் கொஞ்சம் விலகி விழுந்தன. கண்காட்சியில் நடுவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீடு போய்ச் சேருவோமா என்று அந்தச் சிப்பாய் யோசிப்பதுபோல் இருக்கிறதாம். மறுபடியும் முதல் பரிசு.

அதற்குப் பிறகுதான் அளவைக் கூட்டினேன். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான். எல்லாக் காரியங்களையும் நானே முன்னின்று செய்தேன். அழவும் அழுதேன், அது பொய்யில்லை.

நேற்றுக் கண்காட்சியில் முதல் பரிசு எனக்கு. மேடைக்கு அழைத்து, கட்டிப்பிடித்து, கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். அதில் தம்பியின் பெயரைப் பொறித்திருந்தார்கள். இனி வருடா வருடம் முதல் பரிசு அவன் பெயரில்தானாம்.

நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் கோப்பையில் அவன் பெயரை அழித்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லுங்கள். ஜெயித்தவன் நான். நியாயம் கேட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.