புறாவுக்கு ஆட்டிய துணி

— கீழ இறங்குங்க ஹாஜியாரே. மாடியில நின்னு கறுப்புத் துணி ஆட்டறதுக்கு இதுவா நேரம்?

— வெடிச் சத்தத்துல புறா எல்லாம் கிளம்பிடுச்சு, கேப்டன் தம்பி. ஆட்டலைன்னா எவன் வீட்லயாவது போய் இறங்கிடும்.

— மேல கொசு மாதிரி ரீங்காரம் கேக்குதா? நம்ம கூட்டாளி நாட்டோட ஆளில்லா விமானம். 'எவனோ எதிரிக்குச் சைகை காட்டறான், அடிக்கட்டுமா'ன்னு எங்கிட்ட கேக்கறாங்க.

— இது செத்துப்போன என் பொண்டாட்டி மேல போத்திக்கிட்டிருந்த கறுப்பு அங்கி, அபாயா. உசுரோட இருந்தப்ப அவ காட்டின சைகையே எனக்குப் புரிஞ்சதில்ல. இவனுங்களுக்குப் புரிஞ்சுடுச்சாக்கும்.

— விளையாடாதீங்க.

— யாரு விளையாடறது? போன வாரம் ரொட்டிக்காரர் வீட்டைத் தரைமட்டமாக்கினீங்க. உங்க கர்னலைக் கேட்டா, குண்டு போட்டது விமானக்காரங்கங்கறார். அவங்களைக் கேட்டா, இடத்தைக் காட்டினது நீங்கங்கறாங்க. ரொட்டிக்காரர் மட்டும் யாரையும் குத்தம் சொல்லாம மண்ணுக்குள்ள கெடக்கார்.

— மோசூல் ஜனத்தைக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம்.

— உங்களுக்கு முன்னாடி ஊரைப் புடிச்சு வெச்சிருந்த தாடிக்காரங்களும் அதையேதான் சொன்னாங்க. புறா வளத்தா சவுக்கடி குடுத்தாங்க. நீங்க வீட்டோட சேத்துக் குடுக்கறீங்க.

— உங்க குடும்பம் எங்க இருக்குன்னு சொல்லுங்க. விமானக்காரங்ககிட்ட சொல்லி வைக்கறேன்.

— சொல்ல மாட்டேன். ரொட்டிக்காரர் இப்படித்தான் சொல்லி வெச்சார்.

— இருங்க, ரேடியோ வருது... ஆமா, புறா. பறக்கற புறா. இவர் அதை வளக்கறவர்... சரி, நன்றி. ஹாஜியாரே, உங்க தாடி, வெள்ளை அங்கி எல்லாத்தையும் படம் புடிச்சுக்கிட்டாங்களாம். இனி நீங்க நிக்கற இடத்துல குண்டு விழாது.

— பெரிய மனசுதான்.

— பாக்கி அந்த எதிர் மாடிக்காரன்தான். நீங்க ஆட்டினா அவன் பதிலுக்கு ஆட்டறான். உளவாளின்னு முடிவு பண்ணிட்டாங்க.

— எது, தண்ணித்தொட்டி சாஞ்சு நிக்குதே, அந்த வீடா?

— அதேதான்.

— அவன் இத்ரீஸ்யா. புறாத் திருடன். என் கூட்டத்தை இழுக்கறதுக்கு அவனும் ஆட்டுவான். இந்த ஊர்ல புறாக்காரன் எல்லாம் அப்படித்தான். மீசை முளைச்ச நாள்லேர்ந்து எங்களுக்குள்ள பேச்சில்ல.

— அங்க அவர் மட்டுந்தானே?

— அவன் வீட்டு நிலவறைதான் இங்க இருக்கறதுலயே கெட்டி. என் மருமக, பேரப்புள்ளைங்க, தெருவுல இருக்கற எல்லாரும் அதுக்குள்ளதான். நிறுத்தச் சொல்லு, தம்பி.

— அட, முன்னாடியே சொல்லக் கூடாதா... ஹலோ, அந்த மாடியில அடிக்காதீங்க. ஜனம் இருக்கு. நிறைய... என்னது? ஏன்?

— என்னங்கறான்?

— என் பேச்சு தெருவுக்கு இந்தப் பக்கம்தான் செல்லுமாம். அந்தப் பக்கம் வேற படைப்பிரிவு. அங்க இருக்கற அதிகாரி சொன்னாத்தான் நிறுத்துவாங்களாம்.

— அவரைக் கூப்பிடு.

— கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். யாரும் எடுக்கல. ஹாஜியாரே, நில்லுங்க, எங்க போறீங்க?

— இத்ரீஸ் மாடிக்கு. புறாக்காரக் கிழவன் வீடு மாறிட்டான்னு உன் கூட்டாளிகிட்டச் சொல்லு.