கிக் டிரம்முக்கு ஒரு தகடு

எனக்குச் சத்தம் ஆகாது. மெட்டல் குழுவில் டிரம் அடிக்கிறவன் இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். யாராவது என்னிடம் ஒன்று கேட்டால், நான் பதில் சொல்வதற்குள் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டுப் போய்விடுவார்கள். கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். ஊர் சுற்ற மாட்டேன். அதனால்தான் மண்சரிவு அதிகாரிகள் தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள எங்கள் றப்பர் தோட்டத்துக்கு மழைப்பெட்டியைக் கொண்டுவந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

பெட்டியைப் பழைய பிள்ளைக் காம்பராவின் சுவரில் பொருத்தினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் முன்பு குழந்தைகளை விட்டுச் சென்ற கட்டடம் அது. இப்போது யாரும் வருவதில்லை. வெளியே மழைநீர் சேரும் குழாய். அளவு மீறினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், சைரன் கத்தும். மேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் மேல் லயம் வரைக்கும் கேட்கும். கேட்டதும் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

என் டிரம் செட்டும் அந்தக் காம்பராவில்தான் இருந்தது.

கிட்டார் வாசிப்பவன் றினாஸ். டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். பாட்டுப் பதியும் லேப்டாப்பும் அவனுடையதுதான். எங்கள் பிரச்சினை கிக் டிரம், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம். மெட்டலில் அது 'பொம்' என்று முழங்கக் கூடாது. இரண்டு காலும் ஓடும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கூராக, 'டிக்' என்று விழ வேண்டும்.

"மச்சான், தலவாணிக்கு அடிக்கிற மாதிரி ஈக்கிது," என்றான் றினாஸ்.

உள்ளே தலையணைதான் இருந்தது. நானே வைத்தது. அதை எடுத்தேன். பஞ்சுத் தலை வைத்த சுத்தியலை மாற்றி மரத்தலை போட்டேன். அடி விழும் இடத்தில் காலாவதியான பேங்க் கார்டை ஒட்டினேன்.

"இப்ப?"

"இப்ப பேங்க்ல வெச்சு தலவாணிக்கு அடிக்கிற மாதிரி ஈக்கிது."

பிறகு வேறொரு வழியைப் படித்துத் தெரிந்துகொண்டேன். டிரம் தோலில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை ஒட்டி, அதன் வயரை லேப்டாப்புக்குக் கொடுத்தால், ஒவ்வொரு மிதிக்கும் லேப்டாப்பே சுத்தமான 'டிக்' ஒன்றைப் போட்டுவிடும். அவிசாவளையில் கிடைக்கும் தகடுதான். ஆனால் பஸ் ஏற வேண்டும். பஸ்ஸில் பாட்டுப் போடுவார்கள், எனக்குத் தாங்காது. அதே தகடு சைரன்களுக்குள்ளும் இருக்கும்.

மழைப்பெட்டியைத் திறந்து சைரனின் தகட்டை எடுத்தேன். விளக்கைத் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அங்கேதானே இருக்கிறேன், எனக்குக் கண் இருக்கிறது என்று நினைத்தேன். றினாஸுக்கு இது தெரியாது. சத்தத்தைக் கேட்டதும் என்னைக் கட்டிப்பிடித்தான். "எங்கடா எடுத்தே?" என்றான். வழக்கம்போல நான் பதில் சொல்லவில்லை. அதிகம் பேசாதவனாக இருப்பதில் இப்படியும் ஒரு வசதி உண்டு.

மேல் லயத்தில் வெள்ளையம்மா அக்கா இருந்தார். அவருடைய புருசன் ராமச்சந்திரன் அண்ணனுக்கு ஒரு பக்கம் விழுந்துபோய்விட்டது. பெட்டி வருவதற்கு முன்பெல்லாம், மழை கொஞ்சம் பலத்தாலே அக்கா அவரைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார். லயமே சிரிக்கும். பெட்டி வந்த பிறகு என்னை வந்து கேட்க ஆரம்பித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் வந்தார். தலையில் உரச்சாக்கு, முகமெல்லாம் தண்ணீர். நாங்கள் பதிவுக்கு உட்கார்ந்திருந்தோம்.

"தம்பி, கான் தண்ணியெல்லாம் செகப்பா ஓடுது. இவர கூட்டிக்கிட்டு போயிறவா?"

"பெட்டி கத்தலையே அக்கா."

"கத்துனா எங்களுக்கு கேக்கும்ல? நீங்க போடுற இந்தச் சத்தத்துல?"

"கேக்கும். அண்ணன ஏன் சும்மா நனைக்கிறீங்க? வீட்டுல இருங்க."

"நீ சொன்னா சரிதான். நீ படிக்கிற புள்ள," என்று திரும்பிப் போனார்.

அவரைப் போகச் சொல்லியிருந்தால் ஏன் என்று லயம் கேட்கும். பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். தகட்டைத் திரும்ப மாட்ட வேண்டி வரும். அதோடு அண்ணன் நனைவார் என்பதும் உண்மைதான்.

பிறகு மேட்டோடு சேர்ந்து லயம் இறங்கியது. காதில் ஹெட்போன் இருந்ததால் அது எனக்கு ஒரு சத்தமாகவே வரவில்லை. தரை மட்டும் அசைந்தது. அக்காவையும் அண்ணனையும் வாசலில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். கிளம்பத்தான் பார்த்திருக்கிறார்கள். அக்காவின் கை அண்ணனின் இடுப்பில் சுற்றியிருந்தது.

விசாரணையில் "பெட்டி கத்தவில்லை" என்றேன். பொய் இல்லை. காப்பாளன் என்று எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். அதற்கு முன்பே தகட்டை எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். பாட்டரி ஈரமாகிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

விளக்கைப் பார்த்தாயா என்று நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள். பார்த்தேன். இரண்டாவது சரணத்தில் சிவப்பாக எரிந்தது. நான் எழுந்து ஓடியிருந்தால் அக்கா அண்ணனோடு வாசலைத் தாண்டியிருப்பார். ஆனால் கால் அவ்வளவு நன்றாக அதுவரை ஓடியதே இல்லை. பாட்டு முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

அதற்காக என்னைக் கொலைகாரன் என்பது கொஞ்சம் அதிகம். பதிவு றினாஸிடம் இருக்கிறது, போட்டுக் கேளுங்கள். விளக்கு எரிந்த பிறகும் ஒரு அடிகூடப் பிசகவில்லை. மனதில் கெட்ட எண்ணம் உள்ளவனுக்குக் கால் அப்படி நிதானமாக ஓடாது.