கசிவை மறைக்காத காதுகளுக்கு

ஓசையை நகர்த்தும் பெட்டிக்குள் ஒளிந்திருந்த ஊளையை ஓயாமல் தேடியவரே! மூச்சளவு முனகலுக்கும் மூன்று நாள் மல்லுக்கட்டியவரே! முப்பத்தோராண்டு எங்கள் சோதனை மேசையை ஆண்டவரே! நாங்கள் முதுகுக்குப் பின்னால் 'கசிவு அக்கா' என்றழைத்தது தெரிந்தும் தெரியாதது போல் இருந்தவரே! வணக்கம்!

பல பெட்டிகளைக் கோத்து இசை எழுப்பும் மின்னணுக் கருவியான மாடுலர் சிந்தசைஸரில் பொருத்தும் அதிர்வெண் நகர்த்தி, உள்ளே வரும் ஒலியின் ஒவ்வோர் அதிர்வெண்ணையும் ஒரே அளவு மேலோ கீழோ தள்ளும். ஏட்டில் அது சுத்தமான கணக்கு. மேசையில் அது தீராத தலைவலி. பெட்டிக்குள் ஓடும் அலை கொஞ்சம் வெளியே கசியும். மேலே தள்ளச் சொன்னால், கீழே தள்ளிய ஒலியும் கூடவே எட்டிப் பார்க்கும். ஐம்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே, அடி ஆழ ஒலிகளில், எல்லாமே தடுமாறும். இந்த மூன்றோடும் நீங்கள் சமாதானமாகப் போனதேயில்லை.

மூடியைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் நாங்கள் சரிசெய்து அனுப்பிய பன்னிரண்டு பெட்டிகள், மூடிய சூட்டில் அளவு மாறி, ஊளையிட்டபடி திரும்பி வந்தன. திட்டுவீர்கள் என்று தலையைத் தொங்கப்போட்டு நின்றோம்.

"வேர்த்தா நம்ம புத்தியே தடுமாறுது, அது மட்டும் என்ன பண்ணும்? மூடியில ஓட்டை போடுங்கப்பா. அரை மணி நேரம் சூடாகட்டும், அப்புறம் அதுவழியா அளவு ஸ்க்ரூவத் திருகலாம்" என்றீர்கள். பன்னிரண்டுக்கும் நீங்களே துளையிட்டீர்கள்.

முந்தாநாள் வந்தது வம்பு. புதிய கையேட்டில் குறைகளைச் சொல்லும் வரியை எடுத்துவிட்டு, "கசிவே இல்லைன்னு போடுங்க" என்றார் முதலாளி.

"அப்படிப் போட்டா, வாங்கினவன் தன் காதையே சந்தேகப்படுவான், முதலாளி" என்றீர்கள்.

"நாளன்னைக்கு ரிட்டையராகி வீட்டுக்குப் போறவங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

அதன் பிறகு உங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அளந்ததையே அளந்தீர்கள், ஊற்றிய தேநீர் ஆறிப்போனது. இதோ, இந்த மேடையிலும் நாற்காலி நுனியில்தான் இருக்கிறீர்கள். எங்கள் புகழுரை உங்கள் காதில் ஏறவில்லை, நினைப்பெல்லாம் கையேடு அச்சாகும் அச்சகத்தில்.

எனவே அலங்காரத்தை நிறுத்திவிட்டு நேரே சொல்கிறோம். முதலாளியும் முன்வரிசையில் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அந்த வரியை எடுத்தால் எந்தப் பெட்டியின் சோதனைச் சீட்டிலும் கையெழுத்திட மாட்டோம் என்று இன்று காலை அவரிடம் சொன்னோம். முகம் சுருங்கினார். உடனே அச்சகத்துக்குப் போன் போட்டார். 'ஐம்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவர இயங்காது. அமைதியான வேளையில் மெல்லிய கசிவு கேட்கும்.' அந்த வரி அப்படியே அச்சாகிவிட்டது, அக்கா. ஓர் எழுத்தும் குறையவில்லை.

இனியாவது நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள்! உடல் நலமும் செவி நலமும் குன்றாமல், உற்றார் சூழ நெடுங்காலம் வாழுங்கள்!

நெஞ்சு நிறைந்த நன்றியுடன்,
கையெழுத்திட மறுத்த
சோதனைப் பிரிவினர் ஒன்பது பேர்