வால்வு பற்றி ஒரு கடிதம்

"கடுதாசில மொதல்ல எல்லாரும் சேமமா கீறோம்னு எழுதுறீங்களே சாமி, யாரைக் கேட்டு எழுதுறீங்கோ?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். எங்கள் ரைஸ் மில்லில் பாய்லருக்குத் தீ போடும் அருள்தாஸின் மகள் ஞானசுந்தரி. அவள் கையில் ஒரு வெல்லக் கட்டியை வைத்தேன். பதில் தெரியாதபோது குழந்தைகளிடம் அன்பாக இருப்பது என் வழக்கம்.

உத்திரமேரூரில் அந்த மில்லின் கடிதங்களை எழுதுபவன் நான். முதலாளி தாமோதரன் பட்டணத்தில் இருந்ததால் எதற்கும் கடிதம்தான். பெருமாளைச் சேவித்துவிட்டே பேனாவைத் தொடுவேன். சுடுசொல் ஒன்றும் என் கையிலிருந்து போனதில்லை. நான் ஒரு வியாபாரியைக் கண்டித்து எழுதினால், அவர் நன்றி சொல்லிப் பதில் போடுவார்.

1958 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அருள்தாஸ் உமிச் சாம்பல் அப்பிய கையோடு வந்து நின்றான்.

"மொதலாளிக்கு எழுதுங்க சாமி. பாய்லர் வால்வு பூட்ச்சி. ஆவி வெளிய போவ வழியில்ல. பத்த வெச்சா வெடிக்கும், ஆளுங்க சாவாங்க. புதுசு வர்ற வரிக்கும் நான் பத்த வெக்க மாட்டேன். அப்டியே எழுதுங்க, பூசி மெழுவாதீங்க."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாவுன்னு எழுதச் சொல்றியே அருள்தாஸ்."

"வெள்ளிக்கிழமைன்னு வால்வுக்குத் தெரியுமா சாமி?"

சிரித்து அனுப்பிவிட்டு மூன்று முறை திருத்தினேன். முதல் படியில் 'வெடிக்கும்' இருந்தது. இரண்டாவதில் 'சிரமம் கொடுக்கும்' ஆனது. மூன்றாவது இப்படி முடிந்தது: 'இப்பவும் தங்கள் ஆசியால் பாய்லர் நன்றாக ஓடுகிறது. சௌகரியப்பட்டபோது வால்வு ஒன்று அனுப்பினால் உபகாரமாக இருக்கும்.' பற்ற வைக்க மாட்டேன் என்ற வரியை நீக்கிவிட்டேன். அது அவன் வேலைக்கே ஆபத்து. தை வெள்ளி அல்லவா, தாளின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவினேன்.

புதன்கிழமை பதில் வந்தது. 'மிக்க சந்தோஷம். அறுவடை நேரம், நிறுத்தாமல் ஓட்டவும்.'

"எல்லாம் சொல்லியுமா ஓட்டச் சொல்றாரு?" என்றான் அருள்தாஸ்.

"சந்தோஷம்னு எழுதியிருக்கார்."

கொஞ்சம் யோசித்தான். "பட்டணத்துல இஞ்சினீயரைக் கேட்டுக்கினு தான் சொல்றாரு போல" என்று தீ போடப் போனான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பாய்லர் வெடித்தது. அருள்தாஸ் போனான். களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த சொக்கம்மாளும் அம்முலுவும் போனார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரிக்கும் நானே பதில் எழுதினேன். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று போடச் சொன்னார் முதலாளி. எனக்கு மனம் கேட்கவில்லை. 'கவனக்குறைவு'க்கு முன்னால் 'சிறு' என்று ஒரு சொல் சேர்த்தேன். அவன் மனைவி பாக்கியமேரிக்கு நஷ்டஈடு இல்லை என்றானது. அந்த 'சிறு' அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனாலும் அவனுக்கு ஒரு கடிதம் பாக்கி இருந்ததை நான் மறக்கவில்லை. ஒரு மத்தியானம், கல்லறைத் தோட்டத்தில் ஈ காக்கை இல்லாத நேரத்தில் போனேன். அவன் சொன்னதை நல்ல தாளில், நல்ல மையில், சொன்னபடியே எழுதி அவன் மண்மேட்டில் புதைத்தேன். யாரும் பார்க்கவில்லை. கடன் தீர்ந்தது.

'சாவாங்க' என்பதை மட்டும் 'இறைவனடி சேர்வார்கள்' என்று மாற்றினேன். அந்த இடத்தில் அது கொஞ்சம் கடுமையாகப் பட்டது.